எங்கே முடிகிறது ஒரு மடல்?



பழைய கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டு ஒன்றில் ஒரு மின்னஞ்சல் கோப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை மடல்கள் உள்ளன? கேள்வி இவ்வளவுதான். ஒரு நிரலிடம் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லும். இன்னொன்று வேறோர் எண்ணைச் சொல்லும். மூன்றாவது, இரண்டுக்கும் ஒத்துவராத ஒன்றைச் சொல்லும். மூன்றில் எதுவும் பழுதான நிரல் இல்லை, கோப்பும் கெட்டுப்போகவில்லை. ஒரு மடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவை மூன்று விதமாகப் புரிந்துகொள்கின்றன.

இந்த உரை அந்தக் குழப்பத்தைப் பற்றியது. அது எப்படி வந்தது, ஏன் இன்னும் தீரவில்லை, பழைய மடல்களைக் காப்பவர்கள் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஓர் அறிஞரின் கடிதப் போக்குவரத்து, ஒரு நிறுவனம் முடிவெடுத்த விதம், கண்டங்கள் கடந்து ஒரு குடும்பம் பேசிக்கொண்டவை எல்லாம் இத்தகைய கோப்புகளில் கிடக்கின்றன. வாசிக்கும் நிரல் ஒரு மடலைத் தவறவிட்டால், தவறவிட்டதாக அது எச்சரிப்பதில்லை. மடல் இருந்ததே தெரியாமல் போய்விடும். ஆகவே இது நிரலாளர்களோடு முடிந்துவிடும் சங்கதியன்று.

மின்னஞ்சலுக்குத் தரநிலைகள் உண்டு. 1982-இல் டேவிட் கிராக்கர் தொகுத்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் மடலின் வடிவத்தை வரையறுத்தது. முதலில் அனுப்புநர், பெறுநர், தேதி முதலிய தலைப்பகுதி வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் உடற்பகுதி. 2001-இலும் 2008-இலும் அது திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 2822, 5322 என்ற எண்களில் வெளிவந்தது. ஒரு கணினி மற்றொரு கணினியிடம் மடலை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதை, அதே 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 சொன்னது. இரண்டு ஆவணங்களும் பெறுநரின் வாசலோடு நின்றுவிடுகின்றன. வந்துசேர்ந்த மடல்களை வட்டில் எப்படி அடுக்குவது என்பது அந்தந்தக் கணினியின் சொந்த விவகாரம் என்று விடப்பட்டது. அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். எழுதிய நிரலே பிறகு வாசிக்கவும் போகிறது. இடையில் யாருக்கு ஒப்பந்தம் தேவை? ஆனால் மடல்கள் நிரல்களைவிட நீண்ட காலம் வாழ்ந்துவிட்டன.

கதை 1971 நவம்பரில் தொடங்குகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே மெயில் என்ற கட்டளை இருக்கிறது. ஒருவருக்குக் கடிதம் எழுதினால், அது அவருடைய அஞ்சல்பெட்டிக் கோப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்; ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அனுப்பியவர் பெயரும் தபால் முத்திரைபோல நேரமும் இருக்கும். படித்த பிறகு சேமிக்கச் சொன்னால், அந்தக் கோப்பு எம்பாக்ஸ் என்ற புதுப்பெயர் பெறும். அந்தப் பெயர்தான் இன்றுவரை ஒரு கோப்பு வடிவத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

அந்த முத்திரை வரி பின்னர் ஒரு நிலையான தோற்றத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஃப்ரம் என்ற சொல், ஓர் இடைவெளி, அனுப்பியவர் முகவரி, கிழமை, மாதம், தேதி, மணி, ஆண்டு. கோப்பில் இப்படி ஒரு வரி வந்தால் புதிய மடல் தொடங்குகிறது என்று பொருள். மடலின் தலைப்பகுதியிலும் ஃப்ரம் என்று தொடங்கும் வரி ஒன்று உண்டு; அதில் சொல்லை அடுத்து முக்காற்புள்ளி வரும். முன்னதில் சொல்லை அடுத்து இடைவெளி வரும். இரண்டும் வேறு வேறு. அவற்றில் உள்ள முகவரிகள்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மடற்குழு வழியாக வந்த மடலில் முத்திரை வரி குழுவின் முகவரியைக் காட்டும்; தலைப்பகுதி, எழுதியவரின் முகவரியைக் காட்டும்.

சிக்கலின் வேர் இந்த ஒற்றை வரிதான். மடல்களைப் பிரிக்கும் குறி மடலின் எழுத்துகளாலேயே ஆனது. ஆங்கிலத்தில் 'நாளை முதல் அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்' என்று எழுத முற்படுபவர் பத்தியை ஃப்ரம் என்றே தொடங்கலாம். கோப்பைப் படிக்கும் நிரல் அதைக் கண்டதும் புதிய மடல் என்று நினைத்துவிடும். ஒரு மடல் இரண்டாக உடையும். இரண்டாவது துண்டுக்குத் தலைப்பகுதி இராது, அனுப்புநர் இரார், தேதி இராது.

இதைத் தடுக்க அன்றைய நிரலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கோப்பில் எழுதும்போது, உடற்பகுதியில் ஃப்ரம் என்று தொடங்கும் வரி வந்தால் அதன் முன்னால் வலப்பக்கம் நோக்கிய கோணக்குறி ஒன்றைச் சேர்த்துவிடுவது. மடல் உடையாது. ஆனால் மடலின் வாசகம் மாறிவிட்டது.

மாறிய வாசகம் அச்சிலும் ஏறியது. 1990-களில் அறிவியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை லாடெக் வடிவில் மின்னஞ்சல் மூலம் அனுப்பிக்கொண்டார்கள். வழியில் எங்கோ ஓர் அஞ்சல் நிரல் பத்தியின் தலையில் கோணக்குறியை வைத்தது. லாடெக்கின் இயல்பான எழுத்துருவில் அந்தக் குறி கணிதச் சூத்திரத்துக்கு வெளியே வந்தால், தலைகீழான கேள்விக்குறியாக அச்சாகும். அதனால் அந்தக் காலத்து இயற்பியல், கணிதக் கட்டுரைகள் சிலவற்றில் பத்திகள் ஸ்பானியக் கேள்விகளைப்போலத் தலைகீழ்க் கேள்விக்குறியோடு தொடங்குகின்றன. வட்டில் எப்படிச் சேமிப்பது என்று ஏதோ ஒரு நிரல் எடுத்த முடிவு, அந்த நிரலைப் பார்த்தேயிராத வாசகரின் கையிலிருக்கும் தாளில் நின்றுவிட்டது. மின்கையொப்பத்துக்கும் இதே இடர் உண்டு. ஓர் எழுத்து கூடினாலும் கையொப்பம் செல்லாது. எனவே பிஜிபி கையொப்பத்தோடு மடல் அனுப்பும் முறையை வகுத்த ஆர்எஃப்சி 3156, ஃப்ரம் என்று தொடங்கும் வரிகளை முன்கூட்டியே குறியாக்கம் செய்துவிடும்படி வலியுறுத்துகிறது.

சேர்த்த கோணக்குறியை வாசிக்கும்போது நீக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். நீக்கலாம், அது நிரல் சேர்த்த குறி என்று உறுதியாகத் தெரிந்தால். பதில் மடல் எழுதுபவர்கள் முந்தைய மடலை மேற்கோள் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதே கோணக்குறியைத்தான் வைக்கிறார்கள். கோப்பில் கோணக்குறியோடு ஃப்ரம் என்று ஒரு வரி இருந்தால், குறியை வைத்தவர் மனிதரா நிரலா என்று சொல்ல வழியில்லை. பழைய முறையில் எழுதப்பட்ட கோப்பில் அந்தத் தகவல் ஒரேயடியாகத் தொலைந்துவிட்டது.

இதற்குத் தீர்வாக 1995-இல் ராகுல் தேசி ஒரு திருத்தத்தைப் பரப்பினார். வெறும் ஃப்ரம் வரிக்கு மட்டுமின்றி, ஏற்கெனவே எத்தனை கோணக்குறிகள் இருந்தாலும் அவற்றின் முன்னால் இன்னும் ஒன்றைச் சேர்ப்பது. வாசிக்கும்போது ஒன்றை நீக்குவது. சேர்ப்பதும் நீக்குவதும் சரியாக ஈடாகிவிடும்; மடல் பழுதின்றித் திரும்பும். அழகான தீர்வு. ஆனால் ஒரு கோப்பு பழைய முறையில் எழுதப்பட்டதா, தேசி முறையில் எழுதப்பட்டதா என்று கோப்பில் எங்கும் குறிப்பு இல்லை. பழைய முறைக் கோப்பைப் புதிய முறை நிரல் வாசித்தால், மனிதர் வைத்த மேற்கோள் குறியையும் சேர்த்து உரித்துவிடும். புதிய முறைக் கோப்பைப் பழைய முறை நிரல் வாசித்தால், கூடுதல் குறிகள் அப்படியே தங்கிவிடும்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டு யூனிக்ஸ் வேறொரு பாதையில் போனது. பிரிக்கும் வரியை நம்பாமல், மடலின் உடற்பகுதி எத்தனை பைட் நீளம் என்று தலைப்பகுதியிலேயே எழுதிவைப்பது. வாசிக்கும் நிரல் அத்தனை பைட்டைத் தாண்டிப் போய் அடுத்த மடலைத் தொடங்கலாம். கேட்பதற்கு உறுதியான வழியாகத் தோன்றுகிறது. கோப்பை ஒருவரும் தொடாதவரை அது உறுதியானதும்கூட.

ஆனால் மடற்கோப்புகளைப் பலரும் தொடுகிறார்கள். விண்டோஸ் முறையில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு பைட். யூனிக்ஸ் முறையில் ஒன்றுதான். 200 வரி கொண்ட ஒரு மடலை முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினால் அது 200 பைட் குறைந்துவிடும். தலைப்பகுதியில் எழுதிய நீளமோ பழையபடியே இருக்கும். அதை நம்பித் தாண்டும் நிரல், அடுத்த மடலின் தலைப்பகுதிக்குள் 200 பைட் தள்ளிப் போய் நிற்கும். அங்கே பிரிக்கும் வரி இல்லை. சில நிரல்கள் அந்த இடத்தில் பின்வாங்கிப் பழைய வழியில் தேடத் தொடங்கும். சில அடுத்த மடலையும் முந்தையதோடு சேர்த்து விழுங்கிவிடும். நெட்ஸ்கேப் அஞ்சல் நிரலை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி, இந்த நீள எண்ணை நம்பக்கூடாது என்று 1990-களிலேயே விரிவாக வாதிட்டார்.

க்யூமெயில் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன், அதன் கையேட்டில் எம்பாக்ஸின் நான்கு கிளைகளைப் பெயரிட்டு விளக்கினார். பழைய முறை, தேசி முறை, நீளம் எழுதும் முறை, நீளம் எழுதிக் கோணக்குறியைக் கைவிடும் முறை. நான்குக்கும் கோப்பின் பெயர் ஒன்றுதான், தோற்றமும் பெரும்பாலும் ஒன்றுதான். 2005-இல் எரிக் ஹால் எழுதிய ஆர்எஃப்சி 4155 வெளிவந்தது. எம்பாக்ஸ் கோப்பை இணையத்தில் அனுப்பும்போது அதற்கு ஓர் அடையாளப் பெயர் தருவது அதன் முதன்மை நோக்கம். இந்த வடிவத்துக்கு அதிகாரபூர்வமான வரையறை எதுவும் இல்லை என்பதை அந்த ஆவணம் ஒப்புக்கொள்கிறது. சில நிரல்கள் ஃப்ரம் வரியைக் கோணக்குறியிட்டு எப்போதும் காக்கின்றன, சில, முன்னால் வெற்று வரி இருந்தால் மட்டும் காக்கின்றன, சில, முகவரியும் நேரமும் போலத் தெரிந்தால் மட்டும் காக்கின்றன, சில காப்பதேயில்லை. 34 ஆண்டு வழக்கத்துக்குப் பிறகும் இந்த வேறுபாடுகளைப் பட்டியலிடத்தான் முடிந்தது.

இன்று பலர் கையாளும் பைத்தான் மொழியின் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆவணம் நேர்மையாகப் பேசுகிறது. நீள எண்ணை அது பொருட்படுத்துவதில்லை. எழுதும்போது ஃப்ரம் வரிக்குக் கோணக்குறி சேர்க்கும், வாசிக்கும்போது நீக்காது. அதாவது மிகப் பழைய முறை. பைத்தானின் இரண்டாம் பதிப்புக் காலத்தில் இதற்கே இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்று பிரிக்கும் வரியில் கிழமை, மாதம், மணி, ஆண்டு எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்கும். மற்றொன்று ஃப்ரம் என்ற சொல்லையும் இடைவெளியையும் மட்டும் பார்க்கும். கண்டிப்பான வகுப்பு, சற்று விலகி எழுதப்பட்ட பிரிப்பு வரிகளைத் தவறவிட்டு இரண்டு மடல்களை ஒன்றாக்கியது. தளர்ந்த வகுப்பு, சாதாரணப் பத்திகளில் வெட்டி ஒன்றை இரண்டாக்கியது.

பிரிப்பு வரி சற்று விலகுவது அரிதன்று. சிலர் மணிக்கும் ஆண்டுக்கும் நடுவில் நேர வலயத்தை வைத்தார்கள். சிலர் கடைசியில் வைத்தார்கள். யூயூசிபி என்ற பழைய பரிமாற்ற முறை வழியாக வந்த மடல்களில் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்ற குறிப்பு வரியின் வாலில் தொங்கும். தண்டர்பேர்ட் நிரல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போடுகிறது. யூடோரா மூன்று கேள்விக்குறிகள், ஒரு அட்-குறி, மறுபடி மூன்று கேள்விக்குறிகள் போட்டது. ஜிமெயில் ஏற்றுமதி செய்யும் கோப்பில் அந்த இடத்தில் நீண்ட எண் ஒன்று நிற்கிறது. இவற்றைக் குறை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எழுதிய நிரலின் கைரேகை. கோப்பை வாசிக்க வந்தவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு இதுதான்.

நிரல்கள் மடல்களுக்கு நடுவே தங்கள் சொந்தக் குறிப்புகளையும் எழுதிவைக்கின்றன. தண்டர்பேர்டில் ஒரு மடலை அழித்தால் அது உடனே கோப்பிலிருந்து போய்விடாது. அழிக்கப்பட்டது என்ற அடையாளம் மட்டும் தலைப்பகுதியில் ஏறும். கோப்புறையைச் சுருக்கும்போதுதான் உண்மையில் நீங்கும். அந்த அடையாளம் தெரியாத வேறு நிரல் கோப்பைத் திறந்தால், அழித்த மடல்கள் எல்லாம் உயிர்பெற்று வரும். வழக்கிலோ விசாரணையிலோ அந்த மடல்கள் சான்றாக வைக்கப்பட்டால், அவற்றை உரியவர் வைத்திருந்தாரா அழித்தாரா என்பதே தலைகீழாகிவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப் வழங்கி, கோப்பின் முதல் மடலாக ஒரு போலி மடலை வைத்தது. 'இதை அழிக்காதீர்கள், இது கோப்புறையின் உள் தகவல்' என்பது அதன் பொருளுரை. மற்ற நிரல்களுக்கு அதுவும் ஒரு மடல்தான். எண்ணிக்கை ஒன்று கூடிவிடும்.

யூடோரா செய்தது இன்னும் கவலைக்குரியது. வந்த மடலின் இணைப்புக் கோப்புகளைப் பிரித்தெடுத்து வேறொரு அடைவில் போட்டுவிட்டு, மடலுக்குள் அந்தக் கோப்பின் வட்டு முகவரியை ஒரு வரியாக எழுதியது. பழைய கணினியிலிருந்து மடற்கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டவர்களிடம் இன்று இருப்பது, இல்லாத ஒரு வட்டின் இல்லாத ஓர் அடைவைச் சுட்டும் வரி. மடல் இருக்கிறது, அதோடு வந்த நிழற்படம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைப்பதே தவறு, மடலுக்கு ஒரு கோப்பு வைக்கலாம் என்ற எண்ணமும் பழையதுதான். ராண்ட் நிறுவனத்தில் 1970-களின் இறுதியில் உருவான எம்எச் அமைப்பு அப்படித்தான் செய்தது. 1990-களின் நடுவில் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த மெயில்டிர் அதைச் செம்மைப்படுத்தியது. தற்காலிகமானவை, புதியவை, நடப்பில் உள்ளவை என்று மூன்று அடைவுகள். ஒவ்வொரு மடலுக்கும் வேறெதனோடும் மோதாத ஒரு பெயர். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. ஒற்றைக் கோப்பு முறையில் பூட்டுப் போடும் வழிகளே பல இருந்தன. ஒரு நிரல் போட்ட பூட்டை மற்றது அறியாமல், பாதி எழுதிய மடலின் நடுவே இன்னொரு மடல் நுழைந்த கோப்புகளும் உண்டு. மெயில்டிர் இந்தத் தொல்லையை ஒழித்தது. பிரிக்கும் வரி என்ற கேள்வியே எழாமல் செய்தது.

ஆனால் குழப்பம் கோப்பின் உள்ளிருந்து கோப்பின் பெயருக்கு இடம் மாறியது. படித்தாயிற்றா, பதில் எழுதியாயிற்றா என்பவை கோப்புப் பெயரின் இறுதியில் ஒரு முக்காற்புள்ளிக்குப் பின் எழுத்துகளாகக் குறிக்கப்படுகின்றன. விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. அதனால் அங்கே வேறு வேறு குறிகளைப் பயன்படுத்தினார்கள். டவ்காட் வழங்கியில் பயனர் இடும் சொந்தச் சிட்டைகள் சிற்றெழுத்துகளாகப் பெயரில் ஏறும். எந்த எழுத்துக்கு எந்தச் சிட்டை என்ற விளக்கம் தனிக்கோப்பில் இருக்கும். அந்தத் தனிக்கோப்பு தொலைந்தால் எழுத்துகள் பொருளற்றுப் போகும். உட்கோப்புறைகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்குகின்றன. யூனிக்ஸில் அப்படித் தொடங்குபவை சாதாரணப் பட்டியலில் தெரியாது. எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டதாக நம்பியவர் உள்பெட்டியை மட்டுமே எடுத்திருப்பார்.

பெயரை நம்புவது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு என்ரான் மடல் தொகுப்பு நல்ல சான்று. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் வீழ்ந்த பின், கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையின்போது அந்த நிறுவனத்தினரின் மடல்களைப் பொதுவெளியில் வைத்தது. சுமார் 150 பேரின், ஏறத்தாழ 5 லட்சம் மடல்கள் கொண்ட தொகுப்பாக அது கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வழியாகப் பரவியது. மொழி ஆய்வுக்கும் எரித வடிகட்டிகளுக்கும் இன்றும் அடிப்படைத் தரவாக இருக்கிறது. அதன் முதன்மை அடைவின் பெயர் மெயில்டிர். உள்ளே இருப்பதோ மெயில்டிர் வடிவம் அன்று. மூன்று அடைவுகள் இல்லை; ஒரு எண், அதன் பின் ஒரு புள்ளி என்று பெயரிட்ட கோப்புகள்தான். கடைசியில் புள்ளி வரும் பெயரை விண்டோஸ் ஏற்காது. இணைப்புக் கோப்புகளும் இந்தத் தொகுப்பில் சேர்க்கப்படவில்லை.

மடல்களைச் சரியாகப் பிரித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. தேதி வரியையே பாருங்கள். பழைய மடல்களில் ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருக்கும். 2000 பிறந்தபோது, ஆண்டை 1900-இலிருந்து எண்ணிவந்த நிரல்கள் 100 என்று மூன்று இலக்கத்தில் எழுதின. ஆர்எஃப்சி 2822 இதற்கு விதி வகுக்க வேண்டியிருந்தது. 00 முதல் 49 வரை என்றால் 2000-ஐக் கூட்டு. 50 முதல் 99 வரை என்றாலோ மூன்று இலக்கம் என்றாலோ 1900-ஐக் கூட்டு. ஒற்றை எழுத்தால் நேர வலயத்தைக் குறிக்கும் படைத்துறை வழக்கத்தை ஆர்எஃப்சி 822 கூட்டல் கழித்தல் மாற்றி அச்சிட்டுவிட்டது. அதனால் அந்த எழுத்துகளை இப்போது யாரும் நம்பக்கூடாது என்பதே விதி.

தமிழ் மடல்களுக்கு இதன் மேல் இன்னொரு அடுக்கு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் தமிழ் மடற்குழுக்கள் பெருகியபோது யூனிக்கோடு பரவியிருக்கவில்லை. மடற்குழுக்களிலேயே விவாதித்து உருவான திஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் ஆகிய குறியாக்கங்கள், இவற்றுக்கு முன்பிருந்த தனியார் எழுத்துருக்கள் என்று பல முறைகள் ஒரே காலத்தில் புழங்கின. ஒரே பைட் ஒன்றில் ஓர் எழுத்து, மற்றொன்றில் வேறோர் எழுத்து. மடலின் தலைப்பகுதியோ பெரும்பாலும் இது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று சொல்லும், அல்லது பயனர் வரையறுத்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கும். அப்படிப்பட்ட மடலை இன்றைய நிரலில் திறந்தால், உச்சிக்குறிகள் ஏறிய லத்தீன் எழுத்துக் குவியல்தான் தெரியும்.

திஸ்கி என்று கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது. அதில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று எழுதப்பட்டிருக்கும். யூனிக்கோடில் ககரம் முதலில் வரும். மாற்றும் நிரல் இடம் மாற்றிப் போட வேண்டும். மடல் வரி நடுவே மடிக்கப்பட்டுக் கொம்பு ஒரு வரியிலும் ககரம் அடுத்த வரியிலும் விழுந்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். திஸ்கி, இணைய எண்கள் ஒதுக்கும் ஆணையத்தின் பட்டியலில் 2007-இல்தான் பதிவாயிற்று. அதற்குள் தமிழ்க் கணிமையின் முதல் தலைமுறை உரையாடல்கள் எழுதி முடிந்துவிட்டன. விசைப்பலகை எப்படி அமைய வேண்டும், எழுத்துகளுக்கு எந்த இடம் தர வேண்டும் என்றெல்லாம் உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் வாதிட்ட அந்த மடல்கள் நம் மொழியின் வரலாற்று ஆவணங்கள். அவற்றை வாசிக்க, பிரிப்பு வரி, தலைப்பகுதி, பரிமாற்றக் குறியாக்கம், எழுத்துக் குறியாக்கம் என நான்கு இடங்களில் ஊகிக்க வேண்டும். முதல் ஊகம் தவறினால் மற்ற மூன்றும் சரிந்துவிடும்.

இவ்வளவு தளர்வு எப்படிப் பொறுத்துக்கொள்ளப்பட்டது? அனுப்புவதில் கண்டிப்பாகவும் ஏற்பதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்று போஸ்டல் 1980-இல் இணைய ஆவணங்களில் எழுதிய நெறி அதற்கு ஒரு காரணம். இணையம் வளர அந்த நெறி பெரிதும் உதவியது. ஆனால் வாசிக்கும் நிரல்கள் பிழைகளை ஓசையின்றி ஏற்றுக்கொண்டதால், எழுதும் நிரல்களுக்குத் தாங்கள் பிழை செய்வதே தெரியவில்லை. அந்தப் பிழைகள் வழக்கமாகி, அடுத்த தலைமுறை நிரல்கள் அவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயம் வந்தது. 2023-இல் மார்ட்டின் தாம்சனும் டேவிட் ஸ்கினாசியும் எழுதிய ஆர்எஃப்சி 9413, அந்தத் தாராளத்தின் விலையை விரிவாக எடுத்துரைக்கிறது.

அப்படியானால் காப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் இதற்கொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். புள்ளியும் பத்தியும் இல்லாமல், மூலமும் உரையும் ஒன்றோடொன்று ஓடிய ஏடுகளிலிருந்து நூல்களைப் பிரித்தெடுத்தவர்கள், தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்து, மற்ற ஏடுகளில் கண்ட பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார்கள். பின்னால் வருபவர் உடன்படலாம், மறுக்கலாம்; சான்று கண்முன் இருக்கும். மடற்கோப்பை வாசிக்கும் நிரல்களுக்கு இல்லாமற்போனது இந்த அடிக்குறிப்பு. அவை ஊகிக்கின்றன, ஊகித்த இடத்தைச் சொல்வதில்லை.

ஆகவே முதல் வேலை, கோப்பைத் திறக்காமலே நகலெடுப்பது. பல பழைய நிரல்கள் கோப்பைத் திறந்தவுடனே, மடலின் நிலையைக் குறிக்கும் வரியை ஒவ்வொரு மடலிலும் எழுதிவிடும். வாசிப்பதே திருத்துவதாகிவிடும். அடைவைப் புள்ளியில் தொடங்கும் உட்கோப்புறைகளோடும், பக்கத்தில் உள்ள குறிப்புக் கோப்புகளோடும், இணைப்புகள் கிடக்கும் இடத்தோடும் முழுமையாக எடுத்து, சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்து, எழுதிய நிரல் எது என்று கண்டறிவது. மூன்று மூன்று கேள்விக்குறிகள் என்றால் யூடோரா. மோசில்லா நிலைக்குறிப்பு என்றால் தண்டர்பேர்ட் அல்லது அதன் முன்னோர். பிரிப்பு வரிக்குப் பதிலாக நான்கு கட்டுப்பாட்டு எழுத்துகள் வரிசையாக வந்தால் அது எம்எம்டிஎஃப் வடிவம். முதல் வரியில் ஓர் எண்ணும் கடைசியில் எக்ஸ்எம்எல் துண்டும் இருந்தால் ஆப்பிள் மெயில். ஒரே கோப்பில் இரண்டு கைரேகைகள் கலந்திருப்பதும் உண்டு. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவரின் கோப்பு அப்படித்தான் இருக்கும்.

பிறகு, கண்டிப்பான முறையிலும் தளர்ந்த முறையிலும் இருமுறை பிரித்து, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் மனிதர் பார்ப்பது. பிரிப்பு வரியை அடுத்து, ஒரு பெயரும் முக்காற்புள்ளியும் கொண்ட தலைப்பகுதி வரி வராவிட்டால் அங்கே சந்தேகப்பட வேண்டும். தேதியோ மடல் அடையாள எண்ணோ இல்லாத துண்டு, உடைந்த மடலின் வாலாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்படிக் கண்ட ஒவ்வோர் இடத்தையும், கோப்பின் எத்தனையாவது பைட்டில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதோடு ஒரு பட்டியலாக எழுதிச் சேர்த்து வைக்கலாம். பல்லாயிரம் மடல்கள் கொண்ட கோப்பாக இருந்தாலும், மனிதர் பார்க்க வேண்டியவை இரண்டு வாசிப்புகளும் முரண்படும் இடங்கள் மட்டுமே.

நூலகங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகங்கள் உருவாக்கிய ஈபேட் என்ற கட்டற்ற மென்பொருள், எம்பாக்ஸ் கோப்புகளை வாங்கி, தனிப்பட்ட செய்திகளை மறைத்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட உதவுகிறது. மின்னஞ்சல் காப்பகங்களின் எதிர்காலம் குறித்து அமெரிக்காவின் நூலக, தகவல் வளங்கள் பேரவை 2018-இல் ஒரு விரிவான அறிக்கையை வெளியிட்டது. அதே 2018-இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம், இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-இல் எழுதத் தொடங்கிய யூடோராவின் மூல நிரலைப் பொதுவெளியில் வைத்தது. வரையறை இல்லாத வடிவத்துக்கு, அதை எழுதிய நிரல்தான் வரையறை. யூடோரா கோப்பில் ஒரு வரி எதற்காக வந்தது என்ற ஐயம் எழுந்தால், இனி ஊகிக்க வேண்டியதில்லை. நிரலைத் திறந்து பார்த்துவிடலாம்.

மற்ற நிரல்களில் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பழைய மடல்களை ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒப்படைப்பவர் அதோடு ஒரு சிறு உரைக்கோப்பையும் சேர்த்துத் தரலாம். எந்த நிரலில், எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் இந்த மடல்கள் எழுதப்பட்டன. தமிழுக்கு எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார். நடுவில் எப்போது நிரல் மாறினார். பெறுகிற நிறுவனமும் தன் ஒப்படைப்புப் படிவத்தில் இந்தக் கேள்விகளை இப்போதே சேர்த்துவிட வேண்டும். சொந்த வீட்டு வன்தட்டில் அப்படிப்பட்ட கோப்பை வைத்திருப்பவர்கள், அதைப் புதிய நிரலில் திறந்து பார்க்கும் முன் அதன் நகல் ஒன்றை எடுத்துத் தனியே வையுங்கள்.